எந்த கியர் போச்சு?

பழைய பிக்கப்பில் கியர் மாறுவது தகராறு செய்ய ஆரம்பித்தால், பட்டறையில் முதலில் காதில் விழும் சொல் "ரீபில்ட்". அப்படிச் சொல்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தெந்த கியர் வேலை செய்கிறது, எது செய்யவில்லை? இதற்குப் பதில் வைத்திருக்காமல் கியர் பாக்ஸை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் நடப்பது மாயம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கியருக்கும் இன்னின்ன கிளட்ச் பிடிக்க வேண்டும், இன்ன பேண்ட் இறுக வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இருக்கிற கியர்களையும் போன கியர்களையும் ஒரு தாளில் எழுதிவிட்டாலே எந்த உறுப்பு போயிருக்கிறது என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

இந்த அத்தியாயத்துக்கு 4எல்60-இ என்ற கியர் பாக்ஸை எடுத்துக்கொள்கிறேன். 1982-ல் வந்த 700ஆர்4 என்ற பெட்டிக்கு கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டைச் சேர்த்து, ஜெனரல் மோட்டார்ஸ் 1993-ல் தன் பிக்கப்களில் போட்டது இது. அமெரிக்காவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் தொண்ணூறுகளின் ஷெவர்லே, ஜிஎம்சி அரை டன் பிக்கப்கள், பின்னால் வந்த சில்வராடோ, சியரா, சின்ன எஸ்-10 ஆகியவற்றில் ஆட்டோமேட்டிக் என்றால் பெரும்பாலும் இதுதான். உங்கள் வண்டியில் இருப்பது இதுதானா என்று தெரிய கிளவ் பாக்ஸைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எம்30 என்ற குறியைத் தேடுங்கள். எம்டி1 என்று இருந்தால் அது 4எல்80-இ, கனரகப் பெட்டி. அதன் உள்கணக்கு வேறு, கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது. ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால் வண்டிக்கு அடியில் போய் ஆயில் பானைப் பாருங்கள். கிட்டத்தட்ட சதுரமாக, 16 போல்ட்டுடன் இருந்தால் நம்முடையது.

ஆயில் சொல்வது

எதைத் தொடுவதற்கும் முன் டிப்ஸ்டிக்கை உருவுங்கள். அதற்கும் முறை உண்டு. வண்டியைப் பதினைந்து இருபது மைல் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் கீழே வடிந்து அளவை ஏற்றிக் காட்டும். அதே காலத்து டாட்ஜ் பிக்கப் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கில் பார்க்காமல் நியூட்ரலில் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டிகளில் பார்க்கில் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது.

ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டுப் பாருங்கள். சிவப்பு, அல்லது லேசாகப் பழுப்பேறிய சிவப்பு என்றால் கவலை இல்லை. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே ஏதோ ஒரு கிளட்ச் வழுக்கிக் கருகியிருக்கிறது என்று பொருள். ரோஸ்மில்க் மாதிரி இளஞ்சிவப்பாகக் கலங்கி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது. டிரான்ஸ்மிஷன் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது, அது உள்ளே ஓட்டை விழுந்தால் இப்படி ஆகும். இந்த நிலையில் ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள். கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையின் பசையைக் கூலண்ட் கரைத்துவிடும்.

அளவு குறைந்தால் வரும் கோளாறுகள் ஒரே மாதிரி இருக்கும். காலையில் டிரைவுக்குப் போட்டால் இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் இழுக்கும். வளைவில் திரும்பும்போது எஞ்சின் திடீரென்று ரேஸ் ஆகும், நிமிர்ந்ததும் சரியாகிவிடும். பான் சாய்ந்தபோது ஃபில்டர் காற்றை உறிஞ்சுகிறது என்பதுதான் விஷயம். இதற்கு ஆயில் ஊற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம், ஆட்டோமேட்டிக்கில் ஆயில் செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. பான் கேஸ்கெட், பின்பக்க சீல், செலக்டர் தண்டு நுழையும் சீல், ரேடியேட்டருக்குப் போகும் குழாய்களின் முனை என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். ஊற்றும்போதும் கவனம் தேவை. அளவுக்கு மேல் போனால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், அப்போதும் வழுக்கும். அந்தக் காலத்து டெக்ஸ்ரான் 3 இப்போது கிடைக்காவிட்டால் டெக்ஸ்ரான் 6 தாராளமாக ஊற்றலாம்.

பாட்டிலில் வரும் "கியர் பாக்ஸ் ரிப்பேர்" திரவங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சீலைக் கொஞ்சம் ஊத வைத்துச் சில வாரம் ஓட்டலாம். விற்கப்போகிற ஆள் செய்கிற வேலை அது. வாங்கப்போகிறவர் நீங்கள் என்றால் வண்டியில் எங்காவது காலி பாட்டில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

பழி கியர் பாக்ஸ் மேல், தப்பு வேறு இடத்தில்

பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்குப் போடும்போது "டொக்" என்று அடித்தால் முதலில் டிரைவ் ஷாஃப்டின் யூ-ஜாயின்ட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிக்னலில் நின்று கிளம்பும்போது பின்னாலிருந்து யாரோ லேசாக இடித்த மாதிரி ஒரு குலுக்கல் வந்தால், அது இந்த வண்டிகளின் பழைய வியாதி: டிரைவ் ஷாஃப்டின் முன்முனை, கியர் பாக்ஸின் பல் தண்டில் வறண்டு பிடித்து விடுகிறது. கிரீஸ் வைத்தால் அடங்கும். இதற்காகக் கியர் பாக்ஸைத் திறந்தவர்கள் உண்டு.

த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் தேய்ந்தால், ஒரே வேகத்தில் போகும்போதும் மேலே கீழே என்று கியர் அலைபாயும். வேக சென்சார் விட்டுவிட்டு வேலை செய்தால், ஹைவேயில் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்பீடாமீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழும், அதே நொடியில் வண்டி கீழ் கியருக்குப் பாயும். முள்ளும் கியரும் ஒன்றாக விழுந்தால் கியர் பாக்ஸைத் திட்டாதீர்கள், சென்சாரின் கனெக்டரைப் போய்ப் பாருங்கள்.

அடுத்து, மிதமான ஏற்றத்தில் 45 மைல் வேகத்தில் வரும் நடுக்கம். சாலையோரத்து வரிக்கோடுகள் மேல் டயர் ஏறியது போல வண்டி அதிரும். இது எஞ்சின் மிஸ்ஸிங்கா, டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டும் கன்வெர்ட்டர் கிளட்ச்சா? வலது கால் ஆக்ஸிலரேட்டரில் அப்படியே இருக்கட்டும். இடது காலால் பிரேக் பெடலை, விளக்கு மட்டும் எரியும் அளவுக்கு, லேசாகத் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் பட்டதும் கம்ப்யூட்டர் கன்வெர்ட்டர் கிளட்ச்சை விடுவித்துவிடும். டாக்கோமீட்டர் முள் சில நூறு ஏறும். அந்தக் கணமே நடுக்கம் நின்றால் கன்வெர்ட்டர் பக்கம். நிற்காமல் தொடர்ந்தால் ஸ்பார்க் பிளக், காயில் என்று எஞ்சின் பக்கம் போங்கள். ஆளில்லாத சாலையில் செய்ய வேண்டிய சோதனை இது, பின்னால் லாரி வரும்போது வேண்டாம்.

கோடு பார்ப்பது

1996 முதல் வந்த வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். கம்ப்யூட்டர் பதிவு செய்த கோளாறு எண்ணை, அதாவது கோடை, படிக்கச் சாதாரண ஸ்கேனர் போதும். அதற்கு முந்தைய 12 பின் சாக்கெட் உள்ளவற்றில் ஏ, பி என்ற இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்து சாவியைத் திருப்பினால் செக் எஞ்சின் விளக்கு மினுக்கி மினுக்கி எண்ணைச் சொல்லும். முதலில் 12 மூன்று தடவை வரும், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பி0753, பி0758 என்பவை ஷிப்ட் சோலனாய்டுகளின் மின்சுற்றுக் கோளாறு. பி0748 என்றால் பிரஷர் கட்டுப்படுத்தும் சோலனாய்டு. இந்த எண்கள் வந்தால் சந்தோஷப்படுங்கள். கியர் பாக்ஸின் வலப்பக்கம் இருக்கும் 20 பின் வட்டக் கனெக்டரைக் கழற்றி, பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா, ஆயில் ஊறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மல்டிமீட்டர் வையுங்கள். ஷிப்ட் சோலனாய்டு குளிர்ந்த நிலையில் இருபது ஓம் சொச்சம் காட்ட வேண்டும், பிரஷர் சோலனாய்டு மூன்றிலிருந்து ஐந்து ஓம். கெட்டுப்போன சோலனாய்டை மாற்ற பானை இறக்கினால் போதும், கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

பி1870 மட்டும் தனிக் கதை. "பாகங்கள் வழுக்குகின்றன" என்பது அதன் விளக்கம். அதைப் படித்துவிட்டு உள்ளே எல்லாம் கருகிவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. உண்மையில் கம்ப்யூட்டர் கவனித்தது கன்வெர்ட்டர் கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதை. அதற்கு வழக்கமான காரணம் கிளட்ச்கூட இல்லை. வால்வு பாடியின் அலுமினியத் துளைக்குள் ஒரு சின்ன வால்வு ஓயாமல் முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. பல லட்சம் தடவை அதிர்ந்து துளையைத் தேய்த்து நீள்வட்டமாக்கிவிடுகிறது. பக்கவாட்டில் ஆயில் பிரஷர் கசிகிறது, கிளட்ச் வழுக்குகிறது. ஆயில் சூடானால் மட்டும்தான் வரும், ஏனென்றால் சூட்டில் ஆயில் நீர்த்துக் கசிவு கூடுகிறது. காலையில் நன்றாக ஓடி, ஒரு மணி நேர ஹைவேக்குப் பின் தொல்லை தரும் வண்டி என்றால் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்தக் கோடு பதிவானதும் கம்ப்யூட்டர் பயந்துபோய் ஆயில் பிரஷரை உச்சத்துக்கு ஏற்றிவிடும். முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது தலை முன்னால் போய் வருகிற அளவுக்கு அடிக்கும். ஓட்டுநர் பட்டறைக்குப் போய்ச் சொல்லும் புகார் இந்த அடியைப் பற்றித்தான். அங்கே ஷிப்ட் சோலனாய்டை மாற்றி, கோடை அழித்து அனுப்புகிறார்கள். கோடு அழிந்ததால் பிரஷர் இறங்கி இரண்டு நாள் வெண்ணெய் போல ஓடும், அப்புறம் மறுபடி அதே அடி. சரியான வைத்தியம் தேய்ந்த துளையைக் குடைந்து அதற்கென்று விற்கும் ஸ்லீவ், புது வால்வு போடுவது, அல்லது வால்வு பாடியையே மாற்றுவது. ஆனால் இதே நிலையில் மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால் கன்வெர்ட்டர் கிளட்ச்சும் போயிருக்கும்.

தாளில் எழுதும் கணக்கு

டெக்ஸஸில் இருக்கும் தெரிந்த தம்பி ஒருவன் போனில் கூப்பிட்டான். "அண்ணே, ரிவர்ஸ் சுத்தமா போகல. முன்னாடி போகுது. எல்லாம் கருகிடுச்சுன்னு சொல்லிட்டாங்க."

"ரெண்டாவது கியர் இருக்கா?"

"ஆட்டோமேட்டிக்ல ரெண்டாவது இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

நியாயமான கேள்வி. டாக்கோமீட்டரைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். காலை லேசாக வைத்து நின்ற இடத்திலிருந்து 50 மைல் வேகம் வரைக்கும் சீராகப் போங்கள். முள் ஏறும், விழும், ஏறும், விழும். நல்ல பெட்டியில் நான்கு தடவை விழும். முதல் மூன்று கியர் மாறுவது, கடைசியில் வரும் சின்ன வீழ்ச்சி கன்வெர்ட்டர் கிளட்ச் பூட்டிக்கொள்வது. முதல் கியரின் விகிதம் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது 1.00, நான்காவது 0.70. அதனால் முதல் வீழ்ச்சிதான் மிகப் பெரியது, கிட்டத்தட்ட பாதிக்கு வரும். எந்த வீழ்ச்சி காணவில்லை, எந்த இடத்தில் விழ வேண்டிய முள் மேலே பாய்கிறது என்று பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

தம்பி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: கிளம்பும்போது நன்றாக இழுக்கிறது, பதினைந்து இருபது மைலில் எஞ்சின் அலறுகிறது, காலை எடுத்து மறுபடி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்கிறது, ஹைவேயில் முள் எப்போதும் இருக்க வேண்டியதைவிட மேலே இருக்கிறது. அதாவது முதலும் மூன்றாவதும் இருக்கின்றன. இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் இல்லை.

இந்த மூன்றுக்கும் பொதுவான உறுப்பு ஒன்று உண்டு. சன் ஷெல் என்று சொல்லும் மணி வடிவ எஃகுக் கூடு. இரண்டாவதிலும் நான்காவதிலும் பேண்ட் அதைப் பிடித்து நிறுத்துகிறது, ரிவர்ஸில் ஒரு கிளட்ச் அதைச் சுழற்றுகிறது. முதலுக்கும் மூன்றாவதுக்கும் அது தேவையே இல்லை. கூட்டின் கழுத்து முறிந்தால் மூன்றும் ஒரே நாளில் போகும். பழைய 4எல்60-இ பெட்டிகளில் இது சகஜம். கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், அதில் தப்ப முடியாது. ஆனால் இது ஓர் உறுப்பு உடைந்த கதை, "எல்லாம் கருகிய" கதை இல்லை. ஆயில் சிவப்பாகவே இருந்தது அதனால்தான். இறக்கிய பிறகு கடினப்படுத்திய கூடு ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டால் மறுபடி முறியாது.

இரண்டாவதும் நான்காவதும் போய், ரிவர்ஸ் நன்றாக இருந்தால் கூடு முழுசாக இருக்கிறது. அதைப் பிடிக்கும் பேண்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது பேண்டை இறுக்கும் செர்வோ பிஸ்டனின் சீல் போயிருக்கிறது. செர்வோ கியர் பாக்ஸின் வலப்பக்கத்தில், பெட்டியை இறக்காமலே எட்டும் இடத்தில் இருக்கிறது. ரீபில்டுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் அதைத் திறந்து பார்க்கச் சொல்வது உங்கள் உரிமை.

முதல், இரண்டாவது, ரிவர்ஸ் இருக்கின்றன, மூன்றாவதுக்குப் போகும் இடத்தில் எஞ்சின் ரேஸ் ஆகி நியூட்ரல் போல ஆகிவிடுகிறது என்றால் 3-4 கிளட்ச் கருகியிருக்கிறது. இந்தப் பெட்டியின் மிகப் பிரபலமான சாவு இதுதான். டிரெய்லர் இழுத்த வண்டிகளில், ஏற்றத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே அலைய விட்ட வண்டிகளில் அதிகம். ஆயில் கறுத்திருக்கும், வாடை அடிக்கும்.

ரிவர்ஸ் போகிறது, டிரைவில் அசையவே இல்லை, ஆனால் லீவரைக் கீழே ஒன்றுக்கோ இரண்டுக்கோ இழுத்தால் வண்டி கிளம்புகிறது. இதைக் கேட்டு மெக்கானிக்கே சில நேரம் குழம்புவார். ஃபார்வேர்ட் ஸ்ப்ராக் என்னும் ஒருவழி கிளட்ச் போய்விட்டது. லீவரைக் கீழே இழுக்கும்போது வேறொரு கிளட்ச் வந்து அதன் வேலையைச் செய்துவிடுகிறது.

அடுத்தது மின்சாரம் போனால் வரும் கணக்கு. இது தெரிந்தால் பணம் மிச்சம். 4எல்60-இ-யில் இரண்டு ஷிப்ட் சோலனாய்டுகள் நான்கு கியரையும் தீர்மானிக்கின்றன. முதலில் இரண்டும் ஆன். இரண்டாவதில் ஏ ஆஃப், பி ஆன். மூன்றாவதில் இரண்டும் ஆஃப். நான்காவதில் ஏ ஆன், பி ஆஃப். எனவே ஃபியூஸ் போய் மின்சாரமே வராவிட்டால் வண்டி எப்போதும் மூன்றாவதில் இருக்கும். யானை எழுவது மாதிரி மெதுவாகக் கிளம்பும், ரிவர்ஸ் மட்டும் வழக்கம் போல. பிரஷர் சோலனாய்டுக்கும் மின்சாரம் இல்லாததால் டிரைவுக்குப் போடும்போது பலமாக அடிக்கும். இப்படி ஒரு வண்டி வந்தால் ஃபியூஸ் பெட்டியைத் திறந்த பிறகுதான் வேறு எதையும் திறக்க வேண்டும். ஏ சோலனாய்டு மட்டும் செத்தால் இரண்டாவதில் கிளம்பி மூன்றாவதோடு நின்றுவிடும். ஏ ஆன் நிலையிலேயே சிக்கிக்கொண்டால் முதலிலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவும். உறுப்பு தேய்ந்தால் எஞ்சின் ரேஸ் ஆகும், வழுக்கும். மின்கோளாறில் வழுக்கல் இருக்காது, தப்பான கியரில் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும்.

எந்தப் பக்கமும் அசையவில்லை என்றால் லீவரிலிருந்து போகும் ஷிப்ட் கேபிள் கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆயில் இருக்கிறதா, பான் சமீபத்தில் யாராவது இறக்கினார்களா என்று விசாரியுங்கள். புது ஃபில்டரின் சீல் சரியாக உட்காராமல் போனாலும் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். அதற்கப்புறம்தான் பம்ப், கன்வெர்ட்டர். அழுத்தம் பார்க்க இடப்பக்கம், செலக்டர் தண்டுக்கு மேலே ஒரு பிளக் இருக்கிறது. கேஜ் வைத்துப் பார்த்துவிட்டால் பம்பைப் பற்றிய வாதம் முடிந்தது.

700ஆர்4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெட்டியில் கியர் மாற்றக் கம்ப்யூட்டர் இல்லை, த்ராட்டிலிலிருந்து வரும் டிவி கேபிள்தான் ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. கிக் டவுனுக்கான கேபிள் என்று நினைத்து அதைக் கழற்றிவிட்டோ தளர்த்திவிட்டோ ஓட்டினால் கிளட்சுகள் சீக்கிரமே கருகும். கார்ப்பரேட்டர் மாற்றிய வண்டி என்றால் அதன் அட்ஜஸ்ட்மென்டைப் பார்க்காமல் ஓட்டவே வேண்டாம்.

பானை இறக்கிப் பார்ப்பது

கணக்குப் போட்டு ஒரு முடிவுக்கு வந்த பிறகு, அதை உறுதி செய்யத்தான் பான். ஐந்து லிட்டர் அளவுக்கு ஆயில் வரும், பெரிய தட்டு வையுங்கள். மொத்தக் கொள்ளளவு பத்து லிட்டருக்கு மேல், மீதி கன்வெர்ட்டரிலேயே நிற்கும். ஒரு மூலையின் போல்ட்டுகளை விட்டுவைத்து எதிர்மூலையைச் சாய்த்து வடித்தால் முழங்கை வரை நனையாமல் தப்பலாம்.

பானின் உள்ளே ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அதன் மேல் சாம்பல் நிறத்தில் மை போன்ற கூழ் படிந்திருந்தால் அது வயசுக்கான தேய்மானம். விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் துடைத்துவிட்டு மூடலாம். குத்தும் துகளோ, நகத்தில் எடுக்க முடிகிற எஃகுச் சில்லோ இருந்தால் ஏதோ உடைந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் பானின் அடியில் மினுங்கும் மஞ்சள் துகள் புஷ் தேய்ந்ததைச் சொல்கிறது. கறுப்புப் பொடி தடிமனாகப் படிந்து, தாளில் தடவினால் கரி போல் வந்தால் கிளட்ச் பட்டை. அப்படி இருக்கும் பெட்டிக்குப் புது ஆயில் ஊற்றி அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். ஆயில் மாற்றியதால்தான் கியர் பாக்ஸ் போச்சு என்ற பேச்சு பிறந்தது இப்படித்தான். ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்த பெட்டிக்குத்தான் பலரும் கடைசியாக ஆயில் மாற்றுகிறார்கள்.

ரீபில்ட்தான் வழி என்று ஆகிவிட்டால், பட்டறையில் நீங்கள் எழுதிய தாளைக் கொடுங்கள். எந்த கியர் இருந்தது, எது இல்லை, சூட்டிலா குளிரிலா, என்ன கோடு, பானில் என்ன இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கழற்றிய உறுப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். டார்க் கன்வெர்ட்டர் புதிதா, பழையதையே போடுகிறார்களா என்று கேளுங்கள். உள்ளே துகள் ஓடிய கன்வெர்ட்டரைக் கழுவி முடிக்க முடியாது. அதே துகள் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் குழாயிலும் உட்கார்ந்திருக்கும், புதுப் பெட்டி ஓட ஆரம்பித்ததும் நேராக அதற்குள் வந்து இறங்கும். கூலரை ஃபிளஷ் செய்ததாகவோ மாற்றியதாகவோ பில்லில் தனி வரியாக எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.